குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலம்: முதல்முறை ஆர்.வி.யில் கிளம்பும் ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு

அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், இன்டர்ஸ்டேட் 10 சாலையும் யு.எஸ். 95 சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிற சிற்றூர் குவார்ட்ஸைட். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஊரே அடங்கிக் கிடக்கும். நவம்பர் பிறந்தால் நிலைமை தலைகீழ். மினசோட்டா, மிச்சிகன், வாஷிங்டன், கனடா என்று பனிக்குத் தப்பி வருகிற ஓய்வுபெற்றவர்களின் ஆர்.வி.கள், அதாவது சக்கரம் வைத்த வீடுகள், ஊரைச் சுற்றியுள்ள கற்பாலையில் ஆயிரக்கணக்கில் நிற்கும். பகலில் 18 முதல் 22 டிகிரி, இரவில் 3 முதல் 7 டிகிரி. எப்போதாவது ஒரு விடியலில் உறைநிலையைத் தொடும். எலும்பு வலி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல குளிர்காலம் கிடைப்பது அரிது.

ஆனால் வண்டி நிற்கும் இடத்துக்குக் கரண்ட் வராது, குழாய் வராது, சாக்கடையும் கிடையாது. எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய், கழிவைக் கையோடு எடுத்து வர வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கரண்டைப் பற்றியே கவலைப்பட்டு சோலாரில் பணத்தைக் கொட்டுகிறார்கள். நான்காம் நாளே அவர்களைக் கிளப்பி அனுப்புவது கரண்ட் அல்ல, நிரம்பிப்போன கழிவுநீர் டாங்க். அதனால்தான் கீழே தண்ணீருக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வண்டியும் எடையும்

இரண்டு மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்குவதாக இருந்தால் பிக்கப் டிரக்கும் இழுவை டிரெய்லரும் வசதி. டிரெய்லரை நிறுத்திவிட்டு டிரக்கில் கடைக்கும் மருத்துவமனைக்கும் போய் வரலாம். மோட்டார் ஹோம் என்றால் பால் வாங்கக்கூட வீட்டையே மூட்டை கட்ட வேண்டும். இல்லையென்றால் பின்னால் ஒரு சின்ன கார் இழுத்து வர வேண்டும். இரண்டு பேருக்கு 20 முதல் 25 அடி நீளம் போதும். அதற்கு மேல் போனால் பின்னோக்கி ஓட்டுவதும் திருப்புவதும் அலுப்பு.

வாங்கும் முன் எடைக் கணக்கைப் போட்டுவிடுங்கள். விற்பனையாளர் “இந்த டிரக் 9,000 பவுண்டு இழுக்கும்” என்பார். பொய்யல்ல, ஆனால் உங்களுக்கு வேண்டிய எண் அதுவல்ல. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லரின் முன்பகுதி டிரக்கின் மேல் இறக்கும் பாரமும் இந்தக் கணக்கில்தான் வரும். அந்தப் பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் சாலையில் வால் ஆட்டும். 6,500 பவுண்டு டிரெய்லர் என்றால் சுமார் 800 பவுண்டு. கணவன் மனைவி 330, கொக்கிச் சட்டம் 80, பின்தட்டில் ஜெனரேட்டரும் கருவிகளும் 200. கூட்டினால் 1,410. ஸ்டிக்கர் 1,500 என்று சொன்னால் மிச்சம் 90 பவுண்டுதான். சாமான் முழுவதையும் ஏற்றிய பிறகு, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். சில டாலர் செலவில் சந்தேகம் தீரும்.

டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகித்தான் அதிகம் வெடிக்கிறது. பக்கச் சுவரில் இருக்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டை புதிதுபோல் இருந்தாலும் ஆறு வருடம் ஆனதை நம்பி பாலைவனச் சாலையில் இறங்காதீர்கள். காற்றழுத்தத்தைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். மணிக்கு 60 மைலைத் தாண்ட வேண்டாம். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 மைலில் நிறுத்தி நட்டுகளை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்கவும்.

எங்கே நிற்கலாம்

இந்தப் பாலை நிலம் பெரும்பாலும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. எல்லோரும் பி.எல்.எம். என்றே சொல்வார்கள். இரண்டு வழி உண்டு.

ஒன்று, இலவச முகாம். ஊருக்கு வடக்கே பிளொமோசா சாலை, மேற்கே டோம் ராக், கிழக்கே ஸ்கேடன் வாஷ் போன்ற இடங்களில் 28 நாளில் 14 நாள் தங்கலாம். பிறகு 25 மைலுக்கு அப்பால் போய்விட வேண்டும். சில இடங்களில் முகாம் பொறுப்பாளரிடம் பதிவுச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும்.

இரண்டு, நீண்டகாலத் தங்கல் பகுதி. 1983இல் தொடங்கிய ஏற்பாடு இது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதியில் தங்கலாம். குவார்ட்ஸைட்டின் தெற்கே லா போசா, மாநில எல்லை தாண்டிக் கலிபோர்னியாவில், யூமா நகரின் பக்கம் இம்பீரியல் டாம், இன்னும் சில. ஒரே அனுமதி எல்லாவற்றுக்கும் செல்லும். பல வருடங்களாகப் பருவம் முழுவதற்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்றிருந்தது. இந்தப் பருவத்தின் கட்டணத்தைக் கிளம்பும் முன் பி.எல்.எம். யூமா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல்முறை வருகிறவர்கள் லா போசாவில் 14 நாள் அனுமதி எடுப்பதுதான் நல்லது. லா போசா சவுத் பிரிவில் குடிநீர் குழாய், கழிவு கொட்டும் இடம், குப்பைத் தொட்டி மூன்றும் இருக்கின்றன. தப்பு நடந்தால் சரிசெய்ய ஐந்து நிமிடத் தூரம்.

இரண்டு வண்டிகளுக்கு இடையே குறைந்தது 15 அடி விட வேண்டும் என்பது விதி. நீங்கள் 150 அடி விடுங்கள். இத்தனை பெரிய வெளியில் வந்து ஒருவரின் ஜன்னலுக்கு எதிரே நிறுத்துவதை யாரும் விரும்ப மாட்டார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஜெனரேட்டர் ஓடக்கூடாது.

ஜனவரி பிற்பாதியில் ஊரில் பெரிய ஆர்.வி. கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் தண்ணீர் பிடிக்கவும் கழிவு கொட்டவும் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். டாங்க் விஷயத்தை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கி நடந்து பாருங்கள், பிறகு நிறுத்துங்கள்

வண்டியை உள்ளே விடும் முன் ஒருவர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். கறுத்த சிறு கற்கள் தளம் போட்டதுபோல் இறுகிக் கிடந்தால் அது உறுதியான தரை. மணல் வெளுப்பாக, காலை வைத்தால் புதைந்து, இரு பக்கமும் பாலோவெர்டே, அயர்ன்வுட் மரங்கள் வரிசையாக இருந்தால் அது காட்டாற்றின் தடம். நிழலுக்கு ஆசைப்பட்டு அங்கே நிறுத்தாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமல், எங்கோ மலையில் பெய்த மழை அந்த வழியாகத்தான் இறங்கி வரும். சாதாரண நாளிலேயே மணலில் சக்கரம் இறங்கினால் இழுவை வண்டிக்காரருக்குப் பெரிய தொகை போகும்.

நிறுத்தும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் இட வலமாக மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை வைத்து ஏற்றுங்கள். பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு. அதன் பிறகே டிரக்கைக் கழற்ற வேண்டும். கடைசியாக முன் ஜாக்கியால் முன் பின் மட்டம். நான்கு மூலையிலும் இருக்கும் ஜாக்கிகள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றால் வண்டியைத் தூக்கினால் சட்டம் வளையும். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் இருந்தால் மட்டம் இன்னும் முக்கியம். சாய்வாக ஓடினால் உள்ளே அம்மோனியாக் கரைசல் தேங்கி, குழாய் அடைத்து, ஃபிரிட்ஜ் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

வண்டியின் பக்கவாட்டில் விரியும் பந்தலை ஒவ்வொரு இரவும் மடக்கிவிடுங்கள், காற்றே இல்லாவிட்டாலும். குளிர்காலக் காற்று மாலையில் சொல்லிவிட்டு வருவதில்லை. தரை விரிப்பைப் பிடிக்கக் கூடார முளை இங்கே நிற்காது. இறுகிய தரையில் வளைந்துபோகும். அரையடி நீள லேக் போல்ட்டை (தடித்த திருகாணி) வாஷரோடு இம்பாக்ட் டிரைவரால் இறக்குவார்கள். கழற்றுவதும் சுலபம்.

தண்ணீரும் டாங்க்குகளும்

நடுத்தர டிரெய்லரில் நல்ல தண்ணீர் டாங்க் 40 காலன், அதாவது 150 லிட்டர். பாத்திரமும் குளியலும் போய்ச் சேரும் கிரே டாங்க் 30 காலன். கழிப்பறைக்கான பிளாக் டாங்க் 30 காலன். முதலில் நிரம்புவது கிரே டாங்க்தான். வீட்டில் குளிப்பதுபோல் இருவர் குளித்தால் இரண்டே நாளில் ஷவர் தரையில் அழுக்குத் தண்ணீர் எதிர்த்து மேலே வரும்.

இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 4 காலன் என்று இலக்கு வையுங்கள். முதல் வாரம் 6 ஆகும், பழகிவிடும். குளியலில் உடலை நனைத்து, மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசினால் ஒருவருக்கு ஒன்றரை காலனில் முடியும். ஷவரில் வெந்நீர் வரும் வரை வீணாகும் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்து, கழிப்பறைக்கு ஊற்றுங்கள். கிரே டாங்க்கில் சேர வேண்டியது பிளாக்குக்குப் போகிறது, இரண்டுக்கும் நல்லது.

நம் வீடுகளில் சாப்பிட்ட தட்டை அப்படியே குழாயடியில் காட்டுவது வழக்கம். இங்கே அது ஆகாது. தாளித்த எண்ணெயும் பருப்பும் கிரே டாங்க்கில் ஒட்டிக்கொண்டு பத்து நாளில் நாற்றம் கிளம்பும்; அளவுகாட்டியும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முதலில் காகிதத்தால் துடைத்து எடுத்துவிட்டு, சின்னத் தெளிப்பானால் அலசுங்கள்.

கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்திப் பழகியவர்கள் அதை விட வேண்டியதில்லை. பிளாக் டாங்க்குக்குத் தண்ணீர் நன்மையே. டாங்க் கெடுவது தண்ணீர் குறைவதால்தான்: கழிவும் காகிதமும் வாய்க்கு நேர் கீழே கோபுரமாகக் குவிந்து இறுகிவிடும். ஒவ்வொரு முறை காலி செய்த பிறகும் 2 காலன் தண்ணீர் ஊற்றித் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு நாள் இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாகும் என்று நாள் கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலி செய்யும் முறை:

1. ரப்பர் கையுறை. குடிநீர் பிடிக்கும் ஹோஸ் வேறு பெட்டியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது.
2. கழிவு ஹோஸை முதலில் தரைத் துளையில் மாட்டி, மேலே ஒரு கல்லை வையுங்கள். பிறகு வண்டிப் பக்கம் மாட்டித் திருகி, நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.
3. பிளாக் வால்வை ஒரே இழுப்பில் முழுவதும் திறக்கவும். சத்தம் அடங்கும் வரை காத்திருந்து மூடவும்.
4. பிறகு கிரே வால்வு. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். இந்த வரிசையை மாற்றக்கூடாது.
5. ஹோஸை வண்டிப் பக்கத்தில் கழற்றி, உயர்த்திப் பிடித்து, மிச்சத்தைத் துளைக்குள் வடிக்கவும்.

பிளாக் வால்வைத் திறந்தே வைத்திருந்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய்க் கழிவு உள்ளே காய்ந்துவிடும். டாங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு திறந்தால்தான் வேகமாக அடித்துக்கொண்டு வெளியேறும். கிரே தண்ணீர்தானே என்று செடியடியில் விடுவதும் வேண்டாம். எல்லாம் கொட்டும் இடத்துக்கே போக வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை வீட்டையே கிளப்பாமல் இருக்க இரண்டு சாமான் உதவும். ஆறு 6-காலன் தண்ணீர்க் கேன்களும் 12 வோல்ட் மாற்று பம்பும் இருந்தால் டிரக்கிலிருந்தே நல்ல தண்ணீர் டாங்க்கை நிரப்பலாம். சக்கரம் வைத்த 28 காலன் கழிவுக் கலம் இருந்தால் கிரே தண்ணீரை அதில் இறக்கி எடுத்துப் போகலாம். ஆனால் நிரம்பிய கலம் 100 கிலோவைத் தாண்டும். அதை டிரக்கில் தூக்க முடியாது. கொக்கியில் மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். முதுகு வலி உள்ளவர்கள் இதை வாங்காமல், பத்து நாளுக்கு ஒருமுறை வண்டியையே ஓட்டிப் போவது மேல்.

கரண்ட்

400 வாட் பேனலும் 200 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரியும் சிக்கனமான இருவருக்குப் போதும், ஒரு நிபந்தனையோடு. டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில்கூட சூரியன் இங்கே அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும். கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்கு வெயில் சாய்வாகவே விழும். 400 வாட் பேனல் ஒரு நாளில் சுமார் 900 வாட்-அவர் தரும். அதையே தெற்கு நோக்கி 55 டிகிரி நிமிர்த்தினால் 1,500ஐ ஒட்டி வரும். அதனால் கூரையில் ஏற முடியாதவர்கள் பேனலைத் தரையில் சட்டத்தில் நிறுத்துவது நல்லது. ஏணியில் ஏறி விழுவதுதான் இந்த வயதில் பெரிய ஆபத்து.

பழைய லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்தால் ஒரே பருவத்தில் போய்விடும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. அதனால் அது வண்டிக்குள், கட்டிலடியில் இருக்கட்டும். வண்டியோடு வந்த சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஜெனரேட்டரை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் பேட்டரி முழுதாக நிரம்பாது.

கரண்டைத் தின்பவை மூன்று. ஹீட்டரின் விசிறி: 7 ஆம்ப், ஓர் இரவில் 5 மணி நேரம், ஆக 35 ஆம்ப்-ஹவர். நாள் முழுக்க ஓடும் பெரிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இன்டர்நெட் தட்டு 1,400 வாட்-அவர் வரை, கிட்டத்தட்ட உங்கள் மொத்த வருமானம். தேவையான நேரம் மட்டும் போடுங்கள். மூன்றாவது, தூக்க மூச்சுக்கான சிபேப் கருவி. அதன் ஈரப்பதச் சூட்டை அணைத்து, இன்வெர்ட்டர் இல்லாமல் நேரடி டி.சி. அடாப்டரில் ஓட்டினால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும்.

சட்னிக்கு மிக்ஸி வேண்டுமென்றால் 120 வோல்ட் மிக்ஸியும் 1,500 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டரும். இந்தியாவிலிருந்து வந்த 230 வோல்ட் மிக்ஸி இதில் ஓடாது. இட்லி மாவு இந்த இரவுக் குளிரில் பொங்காது. பகல் வெயில் படும் ஜன்னலோரம் போர்வை சுற்றி வைத்தால் மாலைக்குள் பொங்கிவிடும். தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் மாவை வீட்டிலேயே அரைத்துக் கொண்டுவருவது உத்தமம். ஃபீனிக்ஸ் பக்கம் இந்திய மளிகைக் கடைகள் உண்டு.

சூடு, வாயு, மூச்சு

20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் 30,000 பி.டி.யு. ஹீட்டரை சுமார் 14 மணி நேரம் எரிக்கும், மூன்று இரவு. அதனால் தெர்மோஸ்டாட்டை இரவில் 13 டிகிரியில் வைத்து, கட்டிலில் 12 வோல்ட் சூட்டு விரிப்புப் போட்டுக்கொள்வார்கள். சிலர் விசிறி இல்லாத கேட்டலிட்டிக் ஹீட்டர் வைப்பார்கள். கரண்ட் செலவே இல்லை, நல்ல சாதனம். ஆனால் அது வண்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் எரிக்கிறது. ஒரு ஜன்னலும் கூரைத் துவாரமும் இரண்டு விரல் அளவு திறந்திருக்க வேண்டும், தூங்கும் நேரம் அணைக்க வேண்டும். சமையல் அடுப்பைச் சூட்டுக்காக எரிய விடவே கூடாது.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்புறத்தில் தேதி இருக்கும். ஐந்து முதல் ஏழு வருடத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும், ஆனால் வாயுவை முகராது. பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

உடம்பும் ஊரும்

மாத்திரை 90 நாளுக்கு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஒரிஜினல் மெடிகேர் எந்த மாநிலத்திலும் செல்லும். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் பல சமயம் உங்கள் மாவட்டத்து மருத்துவர்களோடு நின்றுவிடும், அவசர சிகிச்சை தவிர. கிளம்பும் முன் கேளுங்கள். அருகில் உள்ள மருத்துவமனை 35 மைலில் பார்க்கர் ஊரில். பெரிய சிகிச்சைக்கு யூமா அல்லது ஃபீனிக்ஸ். நீங்கள் நிற்கும் இடத்துக்குக் கதவு எண் கிடையாது. அதனால் வரைபடச் செயலியில் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கதவின் உட்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் 911க்கு அதைத்தான் படிக்க வேண்டும்.

இந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. தூசியோடு மூச்சில் போனால் வேலி ஃபீவர் வரும். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இருமல், காய்ச்சல், எழ முடியாத அசதி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கடுமையாகலாம். வடக்கே திரும்பிய பிறகு இருமல் விடவில்லையென்றால் “அரிசோனா பாலையில் இருந்து வருகிறேன்” என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தால் குணமாகாது.

சோய்யா (cholla) எனும் முள் கள்ளி உடம்பில் ஒட்டினால் கையால் பிடுங்காதீர்கள், அந்தக் கையிலும் ஒட்டும். பல் அகன்ற சீப்பைக் கள்ளிக்கும் தோலுக்கும் இடையே நுழைத்து ஒரே வீச்சில் தள்ளிவிட்டு, மிச்ச முள்ளை இடுக்கியால் எடுங்கள். பேக் ராட் எனும் காட்டெலி என்ஜின் சூட்டுக்கு வந்து வயரைக் கடிக்கும். இரவில் டிரக்கின் முன்மூடியைத் திறந்தே வைத்து, கீழே ஒரு சின்ன பல்புச் சரத்தை எரியவிட்டால் பெரும்பாலும் அண்டாது.

சாலையில் புழுதிப்புயல் வந்தால் சாலையை விட்டே ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் அதையே சாலை என்று நினைத்துப் பின்னால் வருகிறவர் வந்து மோதுவார்.

பகல் நீளமாகத் தோன்றினால் ஊர்க் கல்லறைக்குப் போய் வாருங்கள். 1856இல் அமெரிக்க ராணுவத்தின் ஒட்டகங்களோடு கப்பலில் வந்து, 1902இல் இங்கே இறந்த ஹாஜி அலியின் சமாதி அங்கே கல் பிரமிடாக நிற்கிறது, உச்சியில் உலோக ஒட்டகத்தோடு. பல் வைத்தியத்துக்கு யூமா அருகே எல்லை தாண்டி மெக்ஸிகோவின் லாஸ் அல்கொடோனெஸ் ஊருக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும், கிரீன் கார்டு உள்ளவர்கள் அதையும் எடுத்துப் போகவும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் உறவினரை அழைத்துப் போக வேண்டாம்.

திரும்பும்போது

மார்ச் கடைசியில் பகல் 30 டிகிரியை நெருங்கும், பாம்புகளும் வெளியே வரும். வடக்கே போக அவசரப்பட்டு ஃபிளாக்ஸ்டாஃப் வழியைப் பிடிக்காதீர்கள். அது 7,000 அடி உயரம். ஏப்ரலிலும் பனி விழும். அந்த வழியாகத்தான் போக வேண்டுமென்றால் லா போசாவிலேயே மூன்று டாங்க்குகளையும் காலி செய்து, வெந்நீர் டாங்க்கை ஆறவிட்டு வடித்து, பைபாஸ் வால்வைத் திருப்பி, இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸை பம்ப் வழியாக ஒவ்வொரு குழாயிலும் நிறம் தெரியும் வரை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று காலன் செலவாகும். வெளி ஷவரையும் கழிப்பறைக் குழாயையும் மறந்துவிடுவார்கள், வெடிப்பது அவைதான். காருக்குப் போடும் பச்சை ஆன்டிஃப்ரீஸ் விஷம், அதைத் தொடவே வேண்டாம். வழியில் குடிக்கவும் கழிப்பறைக்கும் இரண்டு கேன் தண்ணீர் டிரக்கின் உள்ளே இருக்கட்டும்.